கங்காணியும் கொந்தராத்தும்: மலையகத் தையற் கைத்தொழில் பற்றியதோர் ஆய்வு

ஆடை ஒருவர் கையாலே முடிவதன்று. பருத்தி விளைப்போர், நூல் நூற்போர், நெய்வோர், சாயமிடுவோர், வெட்டுவோர், தைப்போர் எனப் பலர் கைகளைக் கடந்தே அது உடுப்போரை அடைகின்றது. சங்கச் செய்யுள்களிலே பருத்தி நூற்கும் பெண்டிர் பேசப்படுகின்றனர். சிலப்பதிகாரம் புகார் நகரத்து நெசவாளர் இருக்கையைக் கூறுகின்றது. ஆதலின், ஒரு தொழிலைப் பலர் பகுத்துக்கொண்டு செய்தல் தமிழர்க்குப் புதிய செய்தி அன்று. ஆயினும், தொழிலைப் பகுத்துக்கொள்ளுதல் வேறு. தொழிலைப் பிறர் கையிற் கொடுத்து, அதனோடு வரும் கடப்பாட்டையும் அவர் தலையில் ஏற்றிவிடுதல் வேறு. இவ்விரண்டும் புறத்தே ஒன்றுபோலத் தோன்றுவதனால், இக்காலத்து ஆடைக் கைத்தொழிலைப் பற்றிய பேச்சிலே பெருங் குழப்பம் விளைந்துள்ளது.

ஆடை விற்கும் நிறுவனமொன்று தான் விற்கும் பொருளைத் தானே செய்யாது பிறரைக் கொண்டு செய்வித்தலும், அவ்வாறு பெற்றுக்கொண்டோர் தம்மால் இயலாத பகுதியைத் தம்மினும் சிறியோர்க்குக் கொடுத்தலும் இன்று உலகெங்கும் வழங்கும் முறையாகும். இதனைக் கொந்தராத்து என்றும், மேலும் ஒரு படி கீழே செல்லுமிடத்துத் துணைக் கொந்தராத்து என்றும் கூறுவர். பெரு நிறுவனங்களுக்கு மட்டும் உரிய முறை என்று இதனைக் கருதலாகாது. நூறு, இருநூறு தையற்பொறிகளைக் கொண்ட நடுத்தரத் தொழிற்சாலையும், கொழும்பிலே கடை வைத்திருக்கும் சிறு ஆடை வணிகரும் இதனையே கைக்கொள்கின்றனர். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா முதலிய மலையக நகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் இளைஞர்க்குத் தேயிலைக்கு மாற்றாக எது வரும் என்ற வினா எழும்போதெல்லாம், சிறு தையல் நிலையங்களை அமைத்து வெளியிலிருந்து வேலை பெறுக என்ற விடையே பெரிதும் கூறப்படுகின்றது. அவ்விடையின் தகுதியை மலையகத்தின் சொந்த வரலாற்றைக் கொண்டே மதிப்பிடுதல் வேண்டும்.

இலங்கையில் இக்கைத்தொழில் வளர்ந்த வரலாறு நீண்டதன்று. 1977 ஆம் ஆண்டிலே பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. அடுத்த ஆண்டிலே கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிற்று. 1974 ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலிருந்த பன்னார் ஒப்பந்தம், எந்த நாடு எவ்வளவு ஆடையை மேனாடுகளுக்கு அனுப்பலாம் என்று பங்கு வகுத்திருந்தது. தம் நாட்டுப் பங்கை முடித்துவிட்ட கிழக்காசிய முதலாளிமார் பங்கு எஞ்சியிருந்த நாடுகளைத் தேடினர். அவ்வகையிலே இலங்கைக்கு வந்த தைத்த ஆடைத் தொழில், 1980களின் பிற்பகுதியிலே ஏற்றுமதியில் தேயிலையைக் கடந்து முதலிடம் பெற்றது. 1992 ஆம் ஆண்டிலே சனாதிபதி ரணசிங்க பிரேமதாசவின் அரசு இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கி, தொழிற்சாலை ஒன்றுக்கு ஏறத்தாழ ஐந்நூறு பேர் என்ற அளவில் நாட்டுப்புறங்களுக்குத் தையற்றொழிலைக் கொண்டுசென்றது. பன்னார் ஒப்பந்தத்தின் வழிவந்த பங்குமுறை 2004 ஆம் ஆண்டு இறுதியிலே ஒழிந்தது. அதன்பின் விலையிலும் விரைவிலும் போட்டியிட வல்லார் நிலைத்தனர். ஏனையோருட் பலர் தொழிற்சாலைகளை மூடினர். வேறு பலர் நிலைத்தவர்களிடம் வேலை பெற்றுத் தைப்போராக மாறினர். சிறு நிலையங்கள் துணைக் கொந்தராத்தை நம்பி வாழும் நிலை இங்ஙனம் உறுதிப்பட்டது.

மலையகத்து இளைஞர் இத்தொழிலுக்குச் சென்றதற்குக் காரணம் தேடி அலைய வேண்டுவதில்லை. கொழுந்துக் கூடை தாயின் முதுகிலிருந்து மகளின் முதுகுக்கு மாறும் மரபை அறுக்க அவர்கள் விரும்பினர். லயன் அறையை விட்டுக் கட்டுநாயக்கவின் வாடகை அறைக்குச் சென்ற பெண்கள், சம்பளத்தின் அளவை மட்டும் கருதிச் சென்றவர்கள் அல்லர். பிறப்பினாலே தொழில் அமையும் நிலையினின்று நீங்கவும் சென்றவர்கள் ஆவர். அத்தகையோர் ஊரை விட்டுப் பிரியாது தம் மலைச்சாரலிலேயே தையற்றொழில் செய்தல் கூடுமாயின் அது நன்மையே. எனவே, மலையகத்திலே தையல் நிலையங்கள் வேண்டுமோ வேண்டாவோ என்பது ஈண்டு வினா அன்று. அவை எத்தகைய உடன்பாட்டின்மேல் எழுப்பப்படுகின்றன என்பதே ஆராயற்பாலது.

வேலை கீழிறங்கும் வழியை முதலில் அறிதல் வேண்டும். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ உள்ள கொள்வனவாளர் ஆடையின் வடிவையும் விலையையும் கப்பலேற்றும் நாளையும் வரையறுத்துப் பெரிய ஏற்றுமதியாளரிடம் கொடுக்கின்றார். ஏற்றுமதியாளர் துணியை வருவித்து, தம் தொழிற்சாலையிலேயே வெட்டி, வெட்டிய துண்டுகளைக் கட்டுக்களாகக் கட்டி, நூல், பொத்தான், பெயர்ச்சீட்டு முதலியவற்றோடு சிறு நிலையத்துக்கு அனுப்புகின்றார். சிறு நிலையத்தார் தைத்து, நூல்முனை கத்தரித்து, சிலபோது இஸ்திரியுமிட்டுத் திருப்பி அனுப்புகின்றனர். பழுதென்று கழிக்கப்பட்டவற்றின் விலை கூலியிற் பிடிக்கப்படும். கப்பல் தவறி விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் அச்செலவின் ஒரு பகுதியும் சிறியோர் தலையில் விழுதல் உண்டு. தொழிலாளர்க்குச் சம்பளம் மாதந்தோறும் கொடுத்தாக வேண்டும். மேலிருந்து வரவேண்டிய பணமோ பல வேளைகளிலே மாதம் கடந்தே வருகின்றது. இடைப்பட்ட காலத்தைக் கடன் வாங்கிக் கழிப்பதே சிறு நிலையத்தாரின் வழக்கம்.

விலை கணிக்கப்படும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. ஓர் ஆடையைத் தைக்கும் ஒவ்வொரு செயலுக்கும் இத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைக் கொண்டு அளந்து, அவற்றைக் கூட்டி, நிமிடத்துக்கு இவ்வளவு என்று பெருக்கிக் கூலி பேசப்படும். எடுத்துக்காட்டாக, ஓர் ஆடைக்கு 20 நிமிடம் என்று கொள்வோமாயின், முப்பது பொறிகள் எட்டு மணிநேரம் இயங்கினால் 14,400 நிமிடங்கள் கிடைக்கும். ஏட்டுக் கணக்கின்படி அன்று 720 ஆடைகள் முடிதல் வேண்டும். ஆனால், புதிய வடிவொன்றைத் தைக்கத் தொடங்கும் நாளிலே கை பழகாது. திறன் பாதியாகக் குறையின் 360 ஆடைகளே முடியும். ஒரே வடிவை வாரக்கணக்கிலே தைத்தால் கை பழகித் திறன் ஏறும். பெரிய தொழிற்சாலை நெடுநாள் ஓடும் வேலையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, சிறுதொகையானதும், அவசரமானதும், வடிவு அடிக்கடி மாறுவதுமாகிய வேலையையே வெளியே கொடுக்கின்றது. கை பழகுமுன்னே வேலை முடிந்துவிடுகின்றது. நிமிடத்துக்குரிய விலை இருவர்க்கும் ஒன்றாகவே இருப்பினும், அவ்விலையிலே பெரியோர் ஊதியம் காண, சிறியோர் நட்டம் காண்பதன் மறைபொருள் இதுவே. அந்த நட்டத்தை ஈடுசெய்யும் வழிகள் மிகச் சிலவே: வேலைநேரத்தை நீட்டல், ‘டார்கெட்’டை உயர்த்தல், சம்பளத்தைத் தாமதித்தல், ஊழியர் சேமலாப நிதிக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தாது விடுதல்.

இம்முறையைப் போற்றுவோர் கூறும் நியாயங்களையும் புறக்கணித்தல் ஆகாது. வேலையை வெளியே கொடுக்கும் வழக்கம் இல்லையாயின், முதலற்றவர் ஒருபோதும் தொழில் தொடங்க இயலாது என்பர். துணி வாங்கவும், கொள்வனவாளரைத் தேடவும், கப்பலேற்றவும் வேண்டிய பெருமுதல் இன்றி, சில பொறிகளைக் கொண்டே ஒருவர் முதலாளியாகலாம் என்பர். இதற்குச் சான்றாகத் தமிழ்நாட்டின் திருப்பூரைக் காட்டுவர். அச்சான்று வலியுடையதே. அந்நகரிலே பின்னல், சாயம், அச்சு, வெட்டு, தையல், இஸ்திரி என ஒவ்வொரு படியும் தனித்தனி நிலையங்களிலே ‘ஜாப் வொர்க்’ முறையில் நடைபெறுகின்றது. பனியன் தொழிற்சாலையிலே கூலியாளாய்த் தொடங்கிப் பின்னர் உரிமையாளராய் உயர்ந்தோர் அங்குப் பலர். வேலையை வெளியே கொடுத்தல் தன்னியல்பிலே தீயது என்பார்க்குத் திருப்பூரே மறுப்பாகும்.

ஆயினும், திருப்பூரிலே சிறியோரை உயர்த்தியது எது என்று நுணுகி நோக்குதல் வேண்டும். அங்கு ஒரு தெருவிலே பத்து வேலை கொடுப்போர் உளர். ஒருவர் விலையைக் குறைத்தால் மற்றொருவர் வாயிலுக்குச் செல்லலாம். சந்தை விலை யாவர்க்கும் தெரியும். தைப்பவர் வெட்டுவதையும், வெட்டுபவர் சாயமிடுவதையும் பக்கத்திலிருந்தே கற்கின்றனர். அதற்கு மேலாக, ‘பவர் டேபிள்’ நிலையங்களை நடத்துவோர் தமக்கெனச் சங்கம் அமைத்து, உற்பத்தியாளர் சங்கத்தோடு கூலியுயர்வு பேசி உடன்படிக்கை செய்துகொள்ளும் வழக்கமும் அங்கு வேரூன்றியுள்ளது. அங்கும் துன்பங்கள் இல்லாமல் இல்லை. சாயக்கழிவினாலே நொய்யல் ஆறு கெட்டதும், 2011 ஆம் ஆண்டிலே சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும் யாவரும் அறிந்தவை. செலவைக் குறைக்கும் போட்டியிலே மனிதர் மேல் ஏற்ற முடியாத சுமை ஆற்றின்மேல் ஏற்றப்பட்டது எனலாம். எனினும், தெரிந்தெடுக்கும் உரிமையும், கற்கும் வாய்ப்பும், கூடிப் பேசும் வலிமையும் ஆகிய மூன்றுமே திருப்பூரின் சிறு நிலையத்தாரை வாழ்வித்தன.

மலையகத்திலே இம்மூன்றும் எளிதில் அமைவன அல்ல. துறைமுகத்துக்கும் ஹட்டனுக்கும் இடையே நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதை உண்டு. அதன் மேற்பாதி வளைந்தேறும் மலைவழி. துணிக்கட்டு லொறியிலே ஏறிவந்து ஆடையாகி லொறியிலே இறங்கிச் செல்லல் வேண்டும். அத்தொலைவைக் கடந்து வேலை அனுப்புவோர் சிலரே. ஆதலின் பள்ளத்தாக்கு ஒன்றிலே உள்ள நிலையம், பெரும்பாலும் ஒரே கொடுப்பவரை நம்பியிருக்க நேரும். துணி தெரிதலும், வடிவு வரைதலும், வெட்டுதலும் வேறிடத்திலே நிகழ்வதனால், பத்தாண்டு தைத்தவரும் தையல் ஒன்றையே அறிவர். தேயிலைத் தோட்டத்திலே தலைமுறை தலைமுறையாய்க் கொழுந்து கொய்தோர்க்குத் தேயிலை ஏலத்தின் இயல்பு தெரியாது போனமை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. இடத்தின் தூரமும் அறிவின் தூரமும் ஒருங்கே அமைந்தவிடத்து, கொந்தராத்து என்பது சமமானோர் இருவரின் உடன்பாடாக இராது.

இவ்விடத்திலேதான் மலையகத்தின் பழைய வரலாறு பொருளுடையதாகின்றது. கோப்பிக் காலந்தொட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர் கங்காணி. துரை தொழிலாளரோடு நேரே உடன்படிக்கை செய்யவில்லை, கங்காணியோடே செய்தார். முற்பணம் கங்காணி கையிலே கொடுக்கப்பட்டது. அவர் அதனைத் தம் ஊராருக்கும் உறவினருக்கும் கடனாகப் பகிர்ந்து, அவர்களைக் கடல் கடந்து அழைத்துவந்தார். நாள்தோறும் பிரட்டுக்கு வந்த ஆள் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஒரு கூட்டம் தோட்டம் மாற வேண்டுமாயின், அக்கூட்டத்தின் கடன் இவ்வளவு. அதனைத் தீர்ப்பவர் இவர்களைக் கொள்ளலாம் என்று எழுதிய ‘துண்டு’ கங்காணியின் கையிலே கொடுக்கப்பட்டது. தொழிலாளர் பெயரிலே ஏறிய கடன் தோட்டத்துக்குத் தோட்டம் பெருகிச் சென்றது. கூலி குறைந்தது என்று முறையிட்டால், தோட்டம் கங்காணியைக் காட்டிற்று; கங்காணி தோட்டத்தைக் காட்டினார்.

கங்காணி கொடியர் ஆதலின் இத்தீமை நேர்ந்தது என்று கூறுவது எளிது. கொடியரும் அவருள் இருந்தனர். ஆனால், கங்காணி தாமும் கடன்பட்டவரே. மேலிருந்து வந்த முற்பணத்துக்கும் கீழிருந்த ஆட்களுக்கும் இடையே நெருக்குண்டவரே. நல்லவர் ஒருவர் அவ்விடத்தில் இருந்திருப்பினும், ஆட்களைக் கடனிலே கட்டி வைத்தாலன்றி அவருடைய கணக்கு நேராகியிராது. குற்றம் ஆளிடத்திலே மட்டும் இல்லை, அமைப்பினிடத்திலே இருந்தது. கூலியின் அளவை நிச்சயித்தவர் ஒருவர், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் மற்றொருவர் என்று ஆக்கிவைத்ததே அவ்வமைப்பின் உயிர்நிலை.

தீர்வு வந்த வழியும் இதனையே காட்டுகின்றது. கங்காணிமாருக்கு அறிவுரை கூறியமையால் அத்தீமை தீரவில்லை. 1921 ஆம் ஆண்டிலே துண்டு முறை சட்டத்தினால் தடுக்கப்பட்டது. 1927 ஆம் ஆண்டிலே இந்தியத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்ச வேதனத்தை வரையறுக்கும் சட்டம் பிறந்தது; கூலி தோட்டத்தின் கடமை என்பது அதனாலே வலியுற்றது. 1931 ஆம் ஆண்டிலே கோ. நடேசய்யர் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்து, துரைமாரை மட்டுமன்றிக் கங்காணிமாரின் கடன்கட்டையும் எதிர்த்துப் போராடினார். வேலையினாற் பயன்பெறுவோர் எவரோ அவரே கூலிக்குப் பொறுப்பாவார் என்ற நெறி சட்டத்திலும் சங்கத்திலும் ஊன்றிய பின்னரே தொழிலாளி நிமிரத் தொடங்கினார்.

ஆடைத் தொழிலின் உலக வரலாறும் இதே பாடத்தைக் கூறுதல் வியப்புக்குரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இலண்டன் மாநகரத்துத் தையற்கடைகள் வெட்டிய துணியை இடையாளர் வழியாக வீடுகளுக்கும் சிறு அறைகளுக்கும் அனுப்பித் தைப்பித்தன. அங்கு நிலவிய குறைகூலியையும் நெடுநேர உழைப்பையும் ஆராய்ந்த பிரபுக்கள் சபைக் குழு, 1888 முதல் 1890 வரை சாட்சியங் கேட்டு, இடையாளரைத் தீமையின் காரணர் என்பதினும் அதன் விளைவு என்பதே பொருந்தும் என்ற கருத்துக்கு வந்தது. 1909 ஆம் ஆண்டிலே அந்நாட்டுப் பாராளுமன்றம், ஆயத்த ஆடைத் தையல் உள்ளிட்ட நான்கு தொழில்களுக்குக் கூலி நிச்சயிக்கும் சபைகளை ஏற்படுத்திற்று. அச்சபை முறையின் வழிவந்ததே இலங்கையில் 1941 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சம்பள நிர்ணய சபைக் கட்டளைச் சட்டம். 2021 ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை ஆயிரம் ரூபாவாக்கியதும், 2024 ஆம் ஆண்டிலே அடிப்படைச் சம்பளத்தை 1,350 ரூபாவாக்கியதும் அச்சட்டத்தின் கீழமைந்த சபையே. இலண்டன் தையற்காரரின் துயரிலே பிறந்த கருவி மலையகத்துக் கொழுந்துத் தொழிலாளிக்குப் பயன்பட்டது. அக்கருவி மலையகத்துத் தையற் பெண்ணுக்கு எட்டாது போதல் முறையன்று.

எட்டாது போதற்கு இடமுண்டோ எனின், உண்டு. இலங்கையின் தொழிற் சட்டங்கள் சில, வேலை செய்வோரின் தொகையைக் கொண்டு எல்லை வகுத்துள்ளன. 1971 ஆம் ஆண்டு வேலைநீக்கத்தைக் கட்டுப்படுத்தும் சட்டமும், 1983 ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டமும் பதினைந்து பேருக்குக் குறைந்த நிலையங்களைத் தம் கட்டாயத்தினின்று விலக்கியுள்ளன. நூற்றைம்பது பேர் ஒரு கூரையின்கீழ்த் தைத்தால் அவர்கள் அனைவர்க்கும் உள்ள உரிமை, அதே நூற்றைம்பது பேர் பன்னிரண்டு சிறு கூரைகளின்கீழ்ப் பிரிந்து தைத்தால் இல்லாதொழிகின்றது. தைக்கும் ஆடை ஒன்றே. அதன்மேல் ஒட்டும் பெயர்ச்சீட்டும் ஒன்றே. 1958 ஆம் ஆண்டு ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்துக்கு அத்தகைய தொகை எல்லை இல்லை. ஒருவரை வேலைக்கு வைத்தவரும் சம்பளத்தின் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கைச் செலுத்தக் கடமைப்பட்டவரே. ஆனால், நாளை இருக்குமோ இராதோ என்ற நிலையத்திலே அக்கடமையை வற்புறுத்துவோர் யார்? கதவைப் பூட்டிவிட்டு உரிமையாளர் நீங்கினால், தொழிலாளர் எந்த வாயிலைத் தட்டுவர்?

பொறுப்பு கீழிறங்கும்போது இடர்களும் கீழிறங்குகின்றன. 2010 ஆம் ஆண்டிலே ஐரோப்பிய ஒன்றியத்தின் தீர்வைச் சலுகை நீங்கியபோதும் (அது 2017 ஆம் ஆண்டிலேயே மீண்டது), 2020 ஆம் ஆண்டிலே பெருந்தொற்றினாலே கொள்வனவாளர் வேலைகளைத் திரும்பப் பெற்றபோதும், 2025 ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்கா தீர்வையை உயர்த்தியபோதும், மேலுள்ளோர் தம் தொழிற்சாலைப் பொறிகளுக்கு வேலை நிறைத்துக்கொண்டு, வெளியே கொடுத்ததையே முதலிற் குறைத்தல் இம்முறையின் இயல்பு. மழை பெருகுங்காலத்து மடை திறக்கவும், வறளுங்காலத்து மடை அடைக்கவும் சிறு நிலையங்கள் பயன்படுகின்றன. பொறுப்பு முற்றும் அறுந்த நிலையின் எல்லையை 2013 ஆம் ஆண்டு ஏப்பிரல் 24 ஆம் நாள் வங்காளதேசத்தின் ராணா பிளாசா கட்டடம் காட்டிற்று. ஐந்து ஆடைத் தொழிற்சாலைகளைத் தாங்கிய அக்கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டபோது, தம் ஆடை அங்கே தைக்கப்பட்டமை தாம் அறியாதது என்று கூறிய நிறுவனங்களும் இருந்தன. இடிபாட்டினுள் கிடந்த பெயர்ச்சீட்டுகளே உண்மையை அறிவித்தன.

வேலை கொடுப்பவரைக் கீழுள்ளோரின் சம்பளத்துக்குப் பொறுப்பாக்குதல் நியாயமோ என்று வினவுவார் உளர். கொந்தராத்து எடுத்தவர் தனி வணிகர்; அவருடைய கணக்குக்கு மற்றொருவர் எங்ஙனம் கடவர் என்பர். கொந்தராத்தின் இயல்பை நோக்கின் இவ்வினா நில்லாது. நூலின் நிறத்தை நிச்சயிப்பவர் கொடுப்பவர். ஓரங்குலத்திலே எத்தனை தையல் விழ வேண்டும் என்று விதிப்பவர் அவர். முடிக்கும் நாளைக் குறிப்பவர் அவர். விலையைச் சொல்பவரும் அவரே. தையலின் நுணுக்கத்தை எல்லாம் ஆளுகின்ற ஒருவர், தைத்தவளின் கூலியை மட்டும் தாம் அறியேம் என்றல் பொருந்தாது. நியூயோர்க் நகரத்துப் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கம் 1930களிலே வேலை கொடுப்போரோடு செய்த உடன்படிக்கைகள், கொந்தராத்துக்காரரின் தொழிலாளர்க்குரிய கூலிக்குக் கொடுத்தவரையும் கடப்பாடுடையவராக்கின. இந்தியாவிலே 1970 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும், ஒப்பந்தக்காரர் கூலி கொடாவிடின் முதன்மை வேலைகொள்வோரே அதனைக் கொடுத்தல் வேண்டும் என்று விதித்தது. இந்நெறி புதுமையும் அன்று. நடைமுறைக்கு ஒவ்வாததும் அன்று.

இத்தகைய கடப்பாடு விதித்தால் வேலையே மலையேறி வாராது என்ற அச்சமும் ஒருபால் உண்டு. இவ்வச்சம் வெறுமையானதன்று, விலையொன்றே கருதுவோர் வேறிடம் செல்லுதல் கூடும். ஆனால், சம்பளம் கொடுக்க இயலாத விலைக்கு வரும் வேலை, வந்தும் நிலைப்பதில்லை. அது பொறிக்காகப் பட்ட கடனையும், கொடுபடாத சேமலாப நிதியையும் விட்டுச் செல்லும். அத்துடன், கொடுப்பவர் பொறுப்பாளியாயின் சிறு நிலையத்தாருக்கும் அது காவலாகும். தாம் நட்டப்பட்டால் அச்சுமை மேலேயும் செல்லும் என்று அறிந்த கொடுப்பவர், கை பழகுதற்கு வேண்டிய காலத்தையும் விலையிலே சேர்த்துக் கணிப்பார். பணத்தையும் காலத்திலே கொடுப்பார். கங்காணியைக் கடனினின்று விடுவித்ததும் தொழிலாளியை விடுவித்த அதே சட்டமன்றோ!

இக்காலத்திலே இவ்வாராய்ச்சி தையற்றொழிலோடு நின்றுவிடாமையும் கருதற்பாலது. தோட்டங்கள் சிலவற்றிலே, தேயிலைச் செடிகளைத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளும் ‘அவுட்குரோவர்’ முறை புகுத்தப்பட்டுள்ளது. உரத்தின் விலையும் மருந்தின் விலையும் கணக்கிற் கழிக்கப்படும். தொழிலாளியைச் சிறு முதலாளியாக்கும் முறை இது என்று போற்றுவோர் உளர். நிலம் அவர்க்கு உரித்தாகுமாயின் அப்புகழ்ச்சிக்குப் பொருள் உண்டு. நிலமும் தொழிற்சாலையும் விலையும் பிறர் கையில் இருக்க, மழையும் நோயும் மட்டும் அவர் பங்காகுமாயின், கொழுந்துக்கூடையும் துணிக்கட்டும் ஒரே கொந்தராத்தின் இருவேறு வடிவங்களாகும். தேயிலையை விட்டுத் தையலுக்குச் சென்ற மகளும், தேயிலையிலேயே நின்ற தாயும் ஈற்றிலே ஒரே வாயிலில் வந்து சேர்வர்.

ஆதலின், மலையகத்திலே தையல் நிலையம் ஒன்று திறக்கப்படும்போது, அது எத்தனை பேருக்கு வேலை கொடுக்கும் என்ற கேள்வியோடு அமைதல் போதாது. வேலையின் விலையும், குறைந்தபட்ச அளவும், பணம் கொடுபடும் நாளும் எழுத்திலே உள்ளனவா? சம்பளமும் சேமலாப நிதியும் தவறினால் வேலை கொடுத்தவரை வினவ வழியுண்டா? வெட்டுதலும் வடிவமைத்தலும் கற்பிக்கப்படுமா? பிற நிலையத்தாரோடு கூடி விலை பேசும் சங்கத்துக்கு இடமுண்டா? இவற்றுக்கு விடை தரும் உடன்பாடு எதுவாயினும் அதனை வரவேற்றல் தகும். இவற்றைக் கேட்பதற்கு வேண்டிய அறிவைக் கணக்கியலும் பொருளியலும் சட்டமும் பயிலும் மாணவர்க்குக் கல்லூரிகள் ஊட்டுதல் வேண்டும். அவருட் பலருடைய உடன்பிறந்தோரே அந்நிலையங்களிற் பொறிகளின்முன் அமரப்போகின்றவர்கள். துண்டில் எழுதியிருந்ததைப் படிக்க இயலாத ஒரு தலைமுறை அதன் கடனைச் சுமந்தது. கொந்தராத்தைப் படிக்க வல்ல தலைமுறை அதனைப் படியாது கைச்சாத்திடுதல் ஆகாது.